ஆன்சைட் போனால் வரி எங்கே?

கேள்வி: எல்-1 விசாவில் ஒன்றரை வருஷத்துக்கு என்னை டெக்சாஸ் அனுப்புகிறது கம்பெனி. அக்டோபர் 5 டிக்கெட். சம்பளம் அங்கேயே வரும். இங்கே மாடி போர்ஷனை 12,000 ரூபாய் வாடகைக்கு விட்டிருக்கிறேன். 'அங்க வரி கட்டிட்டா இங்க ஒண்ணும் கிடையாது' என்கிறார்கள் டீமில். சரியா சார்?
– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: பாதி சரி, அந்தப் பாதியும் வேறு தேதியில் விமானம் ஏறுபவருக்கு. வேலைக்காக வெளிநாடு போகும் இந்தியர், ஏப்ரல் 1-லிருந்து தொடங்கும் நிதியாண்டில் 182 நாள் இங்கே இருந்துவிட்டால் அந்த ஆண்டுக்கு அவர் 'ரெசிடென்ட்', அதாவது வரிக் கணக்கில் இங்கே வசிப்பவர். செப்டம்பர் 30-லேயே உங்களுக்கு 183 ஆகிவிடுகிறது. ஆக, மார்ச் வரை டெக்சாஸில் வாங்கும் சம்பளத்தையும் இங்கே ரிட்டர்னில் காட்ட வேண்டும். அங்கே கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளலாம், இரு நாட்டு ஒப்பந்தம் அதற்குத்தான். ஆனால் அதற்கென்று தனிப் படிவம் உண்டு, வரி கட்டிய ஆதாரமும் வேண்டும், இங்கே கணக்குப்படி வரி கூடுதலாக வந்தால் மிச்சத்தைக் கட்டியே தீர வேண்டும். செப்டம்பர் 28-க்குள் கிளம்பினால் இந்தத் தலைவலியே இல்லை. ஹெச்.ஆரிடம் டிக்கெட்டைக் கொஞ்சம் முன்னால் போடச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள், கேட்பதில் என்ன வந்துவிடப்போகிறது?

அமெரிக்காவில் வரி வருஷம் ஜனவரியில் தொடங்குகிறது. அக்டோபர் 5-லிருந்து டிசம்பர் முடிய 88 நாள்தான், அதனால் முதல் வருஷம் அங்கே நீங்கள் 'நான்-ரெசிடென்ட்', அமெரிக்க வருமானத்துக்கு மட்டும் வரி. கம்பெனி தரும் டபிள்யூ-2 என்ற ஆண்டுச் சம்பளச் சான்று டிசம்பரோடு நின்றுவிடும், இந்திய ரிட்டர்னுக்கோ மார்ச் வரை வேண்டும், எனவே மாதச் சம்பள ஸ்லிப் ஒன்றையும் தூக்கிப் போடாதீர்கள். அடுத்த வருஷம் அங்கேயும் 'ரெசிடென்ட்' ஆகிவிடுவீர்கள், அப்போது உலகத்தில் எங்கே சம்பாதித்தாலும் அங்கே காட்ட வேண்டும், தண்டையார்பேட்டை வாடகை உட்பட. அதோடு இங்குள்ள சேமிப்புக் கணக்கு, எஃப்.டி., அம்மாவோடு சேர்ந்த ஜாயின்ட் அக்கவுன்ட் எல்லாம் கூட்டி ஒரே ஒரு நாள் 10,000 டாலரைத் தாண்டினாலும் எஃப்பார் என்ற தகவல் படிவம் போட வேண்டும். வரி கிடையாது, ஆனால் போடாவிட்டால் அபராதம் பலமாக இருக்கும். டெக்சாஸில் மாநில வருமான வரி இல்லை, அது ஒரு நிம்மதி.

அப்புறம் வாடகை. நீங்கள் என்.ஆர்.ஐ. ஆகும் நிதியாண்டிலிருந்து குடியிருப்பவர்தான் உங்கள் வாடகையில் 31.2 சதவீதம் டிடிஎஸ் பிடித்துக் கட்ட வேண்டும். மாசம் பன்னிரண்டாயிரம் தருகிறவரிடம் போய் இதைச் சொன்னால் திருதிருவென்று முழிப்பார். ஆனாலும் சின்ன வாடகை என்று விலக்கு எதுவும் கிடையாது. வருமான வரித் துறையில் விண்ணப்பித்துக் குறைந்த பிடித்தத்துக்குச் சான்றிதழ் வாங்கலாம். சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ.வாக, அதாவது என்.ஆர்.ஐ.க்கான கணக்காக மாற்ற வங்கிக்குக் கிளம்பும் முன்பே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: எல்-1-ல் போன என் வீட்டுக்காரர் சம்பளத்தில் சோஷியல் செக்யூரிட்டி என்று பிடிக்கிறார்கள். திரும்பி வரும்போது கிடைக்குமா?
– வாசகி, ராயபுரம்

பதில்: கிடைக்காதும்மா. சோஷியல் செக்யூரிட்டி என்பது அந்த நாட்டுப் பென்ஷன் திட்டம். 6.2 சதவீதம் அதற்கு, 1.45 மெடிகேர் என்ற முதியோர் மருத்துவக் காப்பீட்டுக்கு. ஜெர்மனி போன்ற நாடுகளோடு இந்தியாவுக்கு இந்தப் பிடித்தம் பற்றித் தனி ஒப்பந்தம் இருக்கிறது, அங்கே இரட்டைப் பிடித்தம் வராது, அமெரிக்காவோடு இல்லை. பென்ஷன் உரிமைக்கு வேலை செய்த காலத்துக்குச் சேரும் 'கிரெடிட்' 40 வேண்டும், அது சுமாராகப் பத்து வருட வேலை. இங்கே பி.எஃப். தொடர்ந்து பிடிக்கிறார்களா என்று மட்டும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.