பட்டறைத் திண்ணை: 105 குதிரையும் நாலு டயரும்

(தக்கலையில் கார் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் மெக்கானிக், வாசகர்களின் வண்டிக் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

? அண்ணே, செகண்ட்ஸில் 2015 மாடல் போலோ ஜிடி டிஎஸ்ஐ ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். வாங்கினதும் ரீமேப் (எஞ்சின் கம்ப்யூட்டரில் செட்டிங் மாற்றிப் பவரைக் கூட்டுவது), லோயரிங் ஸ்பிரிங், 17 இஞ்ச் அலாய், நல்ல சத்தம் வரும் சைலன்சர் என்று லிஸ்ட் ரெடி. அப்பா, "அதெல்லாம் வேண்டாம், ஆல்ட்டோ எடு" என்கிறார். நீங்கள் சொன்னால் அப்பா கேட்பார்.
– இன்ஜினீயரிங் முடித்தவர், சுங்கான்கடை

மக்கா, நான் சொன்னா அப்பா கேப்பார்ங்கிறது சரி. நான் உனக்காகத்தான் சொல்லுவேன்னு நீயா எப்படி முடிவு பண்ணினே? கார் விஷயத்துல நான் உன் கட்சி. லிஸ்ட் விஷயத்துல அப்பா கட்சி.

அந்த 1.2 லிட்டர் டர்போ எஞ்சினுக்கு 105 குதிரைத்திறன், 175 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது சக்கரத்தைத் திருப்பற பலம். பேப்பர்ல பாத்தா பெருசா தெரியாது. ஆனா அந்த டார்க் 1,500 ஆர்பிஎம்லயே வந்து நிக்கும். வில்லுக்குறி தாண்டி ஒரு ஜல்லி லாரியை ஓவர்டேக் பண்ணிப் பாரு, புரியும். ஆசைப்படறதுல தப்பே இல்ல.

வாங்குறதுக்கு முன்னாடி பாக்க வேண்டியது 7 ஸ்பீடு டிஎஸ்ஜி, அதாவது ரெண்டு கிளட்ச் வச்ச ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைத்தான். அதுல ட்ரை கிளட்ச், ஆயில்ல முங்காத வகை. மார்த்தாண்டம் டிராஃபிக்ல ஊர்ந்து ஊர்ந்து போனா சூடாகிற ஜாதி. விக்கிற ஆள் உன்னைக் காலி ரோட்டுக்குத்தான் கூட்டிட்டுப் போவார். நீ நெரிசலுக்கு ஓட்டு. வண்டி நல்லா சூடானதும் ஒரு ஏத்தத்துல நிறுத்தி, பிரேக்கை விட்டு மெதுவா நகர விடு. 1-லேருந்து 2, 2-லேருந்து 3 விழும்போது நடுக்கமோ இடியோ இருந்தாலும், ரிவர்ஸ் போட்டதும் ஒரு நொடி யோசிச்சாலும், விலை பேசாம திரும்பி வந்துடு. கிளட்ச் செட்டும், கியரை மாத்தி விடற மெக்கட்ரானிக் யூனிட்டும் மாத்துற நிலைமை வந்தா, கார் விலையில நல்ல பங்கு அங்கேயே போயிடும்.

ரீமேப் பண்றவன் என்ன சொல்லுவான் தெரியுமா? "இந்த கியர்பாக்ஸ் 250 நியூட்டன் மீட்டர் வரை தாங்கும், உன் வண்டி 175 தானே தருது, நடுவுல எவ்வளவு இடம் கெடக்கு!" பொய் இல்ல. ஆனா அந்த 250 கம்பெனியிலேருந்து இறங்கின புது கியர்பாக்ஸுக்குச் சொன்ன கணக்கு. பத்து வருஷம் தேஞ்ச கிளட்ச்சுக்கு யாரும் கணக்கு எழுதித் தரல. சரி, குதிரையைக் கூட்டினவன் பிரேக்கைத் தொட்டானா? அந்த வண்டிக்குப் பின்னாடி டிரம் பிரேக்தான். 80-ல போற வண்டியை நிறுத்தும்போது பிரேக் வாங்குற சூட்டைப் போல இரண்டேகால் மடங்கு, 120-ல நிறுத்தும்போது. வேகத்துக்கு வேகம் பெருக்கற கணக்கு அது. நீ இன்ஜினீயர், உனக்கு நான் சொல்லணுமா?

சட்டத்தையும் கேட்டுக்கோ. 2019-ல திருத்தின மோட்டார் வாகனச் சட்டத்துல 182ஏ-ன்னு ஒரு பிரிவு. அனுமதி இல்லாம வண்டியை மாத்தினா ஒவ்வொரு மாத்தத்துக்கும் 5,000 ரூபாய், இல்லன்னா 6 மாசம் வரை ஜெயில், ரெண்டும் சேந்தும் வரலாம். உன் லிஸ்ட்டுல இருக்கறதைக் கூட்டிப் பாத்துக்கோ. அதைவிடப் பெரிய இடி, விபத்து ஆனா இன்சூரன்ஸ்காரன் கையை விரிக்க நீயே காரணம் எடுத்துக் கொடுக்கற மாதிரி ஆயிடும்.

17 இஞ்ச் அலாய் போட்டா டயரோட பக்கச்சுவர் ஒல்லியாயிடும். களியக்காவிளைலேருந்து நாகர்கோவில் வரைக்கும் மழைக்காலத்துல அந்த ரோடு எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியாதா? தண்ணி நிக்கிற குழியில விழுந்து வளைஞ்ச ரிம் என் ஒர்க்‌ஷாப் மூலையில குவிஞ்சு கெடக்கு. லோயரிங் ஸ்பிரிங் போட்ட வண்டியோ, வேகத்தடையில வயித்தைத் தேச்சுக்கிட்டுத்தான் போகும்.

நான் காசு வாங்குற வரிசை வேற. முதல்ல டயர். பட்டன் (தரையில படற ரப்பர் வரி) இருக்கான்னு மட்டும் பாக்காதே, வயசைப் பாரு. டயர் பக்கச்சுவர்ல டிஓடி-ன்னு தொடங்குற எழுத்துக்குக் கடைசியில நாலு இலக்கம் இருக்கும். 2319-ன்னு இருந்தா 2019-ம் வருஷம் 23-வது வாரம் செஞ்சது. அப்புறம் பிரேக் ஆயில், முன்னாடி பேட், பின்னாடி டிரம்மைக் கழட்டி சுத்தம். அப்புறம் லோயர் ஆர்ம் புஷ், ஷாக் அப்சார்பர், எஞ்சின் மவுன்ட். கடைசியில வீல் அலைன்மென்ட். இவ்வளவும் பண்ணின பழைய போலோவை ஓட்டிப் பாத்தா, ரீமேப் எதுக்குன்னு நீயே கேப்ப. அப்பாவையும் கூட்டிட்டு வா. லிஃப்ட்டுல ஏத்தி ரெண்டு பேருக்கும் அடிப்பக்கம் காட்டறேன்.

? குடும்பத்தோடு பொன்முடி போய்விட்டு ஆட்டோமேட்டிக் காரில் இறங்கும்போது பாதி வழியில் தீய்ந்த வாசனை வந்தது. பிறகு பிரேக் பெடல் பஞ்சு போல அமுங்கியது. எப்படியோ ஓரம் கட்டினோம். அரை மணி நேரம் கழித்துச் சரியாகிவிட்டது. ஒர்க்‌ஷாப்பில் "ஒன்றுமில்லை" என்கிறார்கள்.
– குலசேகரத்துக்காரர்

ஆறினதுக்கு அப்புறம் கொண்டு போனா ஒண்ணும் தெரியாது, அவங்க சொன்னதும் பொய் இல்ல. ஆனா கதை முடியல சார்.

பொன்முடியில 22 கொண்டை ஊசி வளைவு. நீங்க கியர் லீவரை டி-யில போட்டுட்டு பிரேக்கை மிதிச்சபடியே இறங்கியிருப்பீங்க. அப்படி இறங்கினா பேடும் டிஸ்க்கும் பழுத்து, அந்தச் சூடு, பேடை அழுத்தற காலிப்பர் வழியா பிரேக் ஆயிலுக்குப் போகும். இந்த ஆயிலுக்கு ஒரு குணம், காத்துல இருக்கற ஈரத்தை இழுத்துக்கும். டாட்-ங்கறது பிரேக் ஆயிலோட தர வகை. புது டாட் 3 ஆயில் 205 டிகிரிக்கு மேலதான் கொதிக்கணும். ஈரம் ஏறின பிறகு 140-ஐத் தாண்டினா போதும்னு அந்தத் தரமே விட்டுக் கொடுத்துடுது. டாட் 4-க்கு 230, ஈரம் ஏறினா 155. கொதிச்சா ஆவி. ஆயிலை அழுத்தினா பிரேக் பிடிக்கும், ஆவியை அழுத்தினா அதுவே அமுங்கிடும். நீங்க மிதிச்ச பஞ்சு அதுதான். ஆறினதும் ஆவி திரும்ப ஆயிலாகி, பெடல் கெட்டியாயிடுச்சு.

நம்ம ஜில்லாவுல ஆனி, ஆடி மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. போதாததுக்குக் கடல் காத்து. அதனால கிலோமீட்டர் பாக்காம ரெண்டு வருஷத்துக்கு ஒருக்க பிரேக் ஆயிலை முழுசா மாத்துங்க. மேல டப்பாவுல கொஞ்சம் ஊத்தி விடறது மாத்தறது ஆகாது. நாலு சக்கரத்துலயும் பிளீட் பண்ணி, பழைய ஆயில் டீத்தண்ணி நிறத்துல வெளிய வந்து, புதுசு தெளிவா வர்றதை நின்னு பாருங்க. மூடியில என்ன டாட் போட்டிருக்கோ அதையே வாங்குங்க. சிலிக்கான் வகை டாட் 5-ஐ மட்டும் இதோட கலந்துடக் கூடாது, டாட் 5.1 வேற, அது வேற.

இறங்கும்போது லீவரை 2-க்கோ எல்-க்கோ கொண்டு வாங்க. எஞ்சின் சத்தம் ஏறும், பயப்பட வேண்டாம், வண்டியைப் பிடிச்சு நிறுத்தறது அந்தச் சத்தம்தான். பிரேக்கை விடாம லேசா மிதிக்கறதைவிட, கொஞ்சம் அழுத்தி மிதிச்சு வேகத்தைக் குறைச்சுட்டு விட்டுடுங்க. மறுபடி வாசனை வந்தா ஓரம் கட்டி ஆற விடுங்க. சூடான டிஸ்க்குல தண்ணி ஊத்தவே கூடாது, வளைஞ்சுடும்.

? தினமும் நாகர்கோவிலிலிருந்து பணகுடிக்கு ஆல்ட்டோவில் போகிறேன். ஆடி மாதம் முப்பந்தல் தாண்டினாலே காற்று வண்டியை அடுத்த லேனுக்குத் தள்ளுகிறது. வண்டியில் கோளாறா, என் கையில் கோளாறா?
– பள்ளி ஆசிரியை, நாகர்கோவில்

டீச்சர், ரெண்டும் இல்ல. அங்க அத்தனை காத்தாடி நட்டு வச்சிருக்கறது சும்மாவா? ஆரல்வாய்மொழி கணவாய் மலைக்கு நடுவுல ஒரு வாசல். தென்மேற்குக் காத்து அந்த வாசலுக்குள்ள நெருக்கியடிச்சு வேகமெடுக்கும். உங்க ஆல்ட்டோவோ எடை குறைஞ்ச வண்டி.

ஆபத்து நேரா அடிக்கற காத்துல இல்ல, லாரியைத் தாண்டும்போது வரும். லாரிக்குப் பக்கத்துல போற வரை காத்து மறைஞ்சிருக்கும். அதுக்கு ஏத்த மாதிரி நீங்க ஸ்டியரிங்கைப் பிடிச்சிருப்பீங்க. லாரி மூக்கைத் தாண்டின நொடியில மொத்தக் காத்தும் பக்கவாட்டுல அறையும். அந்த நேரத்துல ஒரு கை கியர்ல இருக்கக் கூடாது. ரெண்டு கையும் ஸ்டியரிங்ல, வேகம் 60-க்குள்ள, லாரிக்கும் உங்களுக்கும் நடுவுல கொஞ்சம் அதிக இடம். வண்டி தள்ளினா பதறி வெட்டித் திருப்ப வேண்டாம், லேசாத் திருப்பிப் பிடிச்சா போதும்.

மேல லக்கேஜ் கேரியர் இருந்தா கழட்டி வச்சுடுங்க. டயர்ல காத்து குறைஞ்சிருந்தா ஆட்டம் கூடும். கம்பெனி சொன்ன அளவு டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்தா ஸ்டிக்கர்ல எழுதியிருக்கும், காலையில வண்டி ஓட்டறதுக்கு முன்னாடி பாத்து அடைங்க. காத்தே இல்லாத நாள்லயும் ஒரு பக்கம் இழுத்தா அப்போ கொண்டு வாங்க.

? ஒன்றரை வருஷமாக ஷார்ஜாவில் இருக்கிறேன். கார் இனயத்தில் வீட்டு முற்றத்தில் தார்ப்பாய் போட்டு நிற்கிறது. அடுத்த மாதம் ஊருக்கு வந்ததும் ஓட்டலாமா?
– ஷார்ஜாவிலிருந்து ஒருவர்

வந்த அன்னைக்கே கூடாது அண்ணாச்சி. பேட்டரி செத்திருக்கும், அது சின்ன விஷயம். எல்லாரும் ஜம்ப் ஸ்டார்ட் பண்ணி, "எடுத்துடுச்சு"ன்னு சந்தோஷப்பட்டு நேரா ரோட்டுக்குப் போயிடுவாங்க. கிளப்பறதுக்கு முன்னாடி பானெட்டைத் திறந்து எலி ஒயரைக் கடிச்சிருக்கான்னு பாக்கச் சொல்லுங்க. ஹேண்ட்பிரேக் போட்டு நிறுத்தியிருந்தா பின் லைனிங் டிரம்மோட ஒட்டியிருக்கும். இழுத்து அடிச்சுக் கிளப்பினா லைனிங் பேந்துடும். இன்னொரு தடவை போகும்போது ஹேண்ட்பிரேக் வேண்டாம், முதல் கியர்ல போட்டுட்டு சக்கரத்துக்குக் கட்டை வையுங்க. பேட்டரி நெகட்டிவையும் கழட்டி விடுங்க.

என் பயமெல்லாம் கடல்தான். வீடு கரையிலேருந்து கூப்பிடு தூரம்னா, அடிப்பக்கம் போற பிரேக் ஆயில் இரும்புக் குழாயை லிஃப்ட்டுல ஏத்திப் பாக்காம ஓட்டாதீங்க. மேல பெயின்ட் பளபளன்னு இருக்கும். அடியில கிளிப் பிடிக்கற இடத்துல உப்பு தங்கி, குழாய் பொரிஞ்சு நிக்கும். விரலால தேச்சா சருகு மாதிரி உதிரும். சாதாரணமா மிதிச்சா தாங்கும், குழந்தை குறுக்கே ஓடினதும் முழு பலத்தோட மிதிக்கும்போதுதான் வெடிக்கும். தார்ப்பாயும் நல்லதில்ல, ஈரத்தை உள்ளயே பிடிச்சு வைக்கும். மேல ஓலையோ ஷீட்டோ போட்டு நாலு பக்கமும் காத்து போக விடுங்க.

? டயருக்கு நைட்ரஜன் அடைக்கலாமா?
– அழகியமண்டபம்

அடைக்கலாம், அடைக்காமலும் இருக்கலாம். மாசம் ரெண்டு தடவை செக் பண்றவருக்குச் சாதாரணக் காத்தே போதும். ஸ்டெப்னியையும் செக் பண்ணுங்க.

? ஹெட்லைட்டுக்கு வெள்ளை எல்இடி பல்பு போட்டேன். எதிரில் வருகிறவர்கள் எல்லோரும் திட்டுகிறார்கள்.
– கருங்கல்

திட்டத்தான் செய்வாங்க. உங்க லைட்டோட ரிஃப்ளெக்டர், ஹாலஜன் பல்புல இழை இருக்கற இடத்தை வச்சு வடிவமைச்சது. எல்இடி-யில வெளிச்சம் வேற இடத்துலேருந்து கிளம்பும், அதனால சிதறி எதிர்ல வர்றவன் கண்ணுக்குள்ள போகும். உங்க ரோட்டுக்கு வர்றது மிச்சம்தான். பழைய 60/55 வாட் பல்பையே போடுங்க. மஞ்சளாப் போன கண்ணாடியை பாலிஷ் பண்ணி, உயரத்தைச் செட் பண்ணுங்க. பாதிப் பேருக்குக் குறை பல்புல இல்ல, கண்ணாடியிலதான்.

? காவல்கிணறு நாலு வழிச்சாலையில் ராத்திரி நண்பர்கள் ரேஸ் விடுகிறார்கள். எனக்கும் ஆசை. நீங்களே வேகப் பிரியர்தானே?
– பெயர் வேண்டாம், வடசேரி

வேகப் பிரியன்தான். 2001 மாடல் ஹோண்டா சிட்டி விடெக்கை இன்னும் விக்காம வச்சிருக்கேன். 1.5 லிட்டர், 106 குதிரை. ஐயாயிரம் ஆர்பிஎம்மை ஒட்டி அந்த எஞ்சின் குரல் மாத்தறதைக் கேக்கறதுக்கே வச்சிருக்கேன்னு வீட்டுல திட்டு. அந்த வண்டிக்கு டைமிங் பெல்ட். ஓடலன்னாலும் வருஷக் கணக்குப் பாத்து மாத்திடுவேன். அறுந்தா வால்வு பிஸ்டன்ல இடிக்கும்.

ஆனா அதை ஓட்டற சுகம் எனக்குக் குலசேகரம் ரோட்டுல, ரப்பர் தோட்டத்துக்கு நடுவுல 50-லயே கிடைக்குது. வளைவுக்கு முன்னாடியே பிரேக், செகண்ட் கியர், நடுவுல லேசா ஆக்சிலேட்டர். அதுவும் விடியக்காலம் போக மாட்டேன். பால்வெட்டுக்காரங்க வாளியோட ரோட்டோரம் நடந்து வர்ற நேரம் அது. தை மாசம் இலை கொட்டிக் கெடந்தா, பனியில அதுவும் வழுக்கும்.

பொது ரோட்டுல பந்தயம் விட்டா மோட்டார் வாகனச் சட்டத்துல 189-வது பிரிவு. முதல் தடவை 3 மாசம் வரை ஜெயிலோ 5,000 அபராதமோ, ரெண்டுமோ. மறுபடி மாட்டினா 1 வருஷம், 10,000. அந்த ரோட்டுல ராத்திரி லைட் இல்லாம ஓரத்துல நிக்கிற லாரி எத்தனைன்னு உனக்கே தெரியும். 100-ல போனா ஒரு நொடிக்கு 28 மீட்டர். லாரியைப் பாத்து, கால் பிரேக்குக்குப் போகுமுன்னயே அவ்வளவும் போயிடும்.

நெசமாவே ஆசை இருந்தா கோயம்புத்தூருக்குப் போ. செட்டிப்பாளையத்துல கரி மோட்டார் ஸ்பீடுவே இருக்கு. ஃபார்முலா மாருதி காரை உருவாக்கின கரிவர்தன் பேர்ல வச்சது. இல்லன்னா சென்னைக்குப் பக்கத்துல இருங்காட்டுக்கோட்டை டிராக். 2005-ல ஃபார்முலா 1-ல ஓட்டின முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயன் கோயம்புத்தூர்க்காரர்தான். டிராக்ல எதிர்ல பஸ் வராது, ஆம்புலன்ஸ் தயாரா நிக்கும், ஹெல்மெட் இல்லாம உள்ள விட மாட்டாங்க. போறதுக்கு முன்னாடி டிக்கியில கெடக்கற ஜாக்கி, தண்ணிக் கேன், சாமி படம் எல்லாத்தையும் இறக்கிடு. திரும்பி வரும்போது பேட் எவ்வளவு மிச்சம்னு பாத்துட்டு ஊருக்குக் கிளம்பு.

? வண்டியை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு வரும்போது என்ன சொன்னால் உங்களுக்கு உதவி?
– குடும்பத் தலைவி, திங்கள்நகர்

"ஏதோ சத்தம் வருது"ன்னு மட்டும் சொல்லாதீங்க அக்கா. எந்தப் பக்கம், எந்த வேகத்துல, பிரேக் மிதிக்கும்போதா, ஸ்டியரிங் ஒடிக்கும்போதா, காலையில மட்டுமா, சூடான பிறகா. இதைச் சொன்னாலே பாதி வேலை முடிஞ்சது. வளைவுல 'டக டக'ன்னா ஆக்ஸில். பிரேக் மிதிச்சா 'கீச்'சுன்னா பேட். வேகம் ஏற ஏற முனகல் கூடினா வீல் பேரிங். சத்தம் வரும்போது செல்போன்ல பிடிச்சுக் கொண்டு வாங்க, ஆனா நீங்க ஓட்டும்போது பக்கத்துல இருக்கறவங்க பிடிக்கணும். அப்புறம், "ஜெனரல் செக்கப் பண்ணிடுங்க"ன்னு சாவியைக் கொடுத்துட்டுப் போயிடாதீங்க. கழட்டின பழைய பேடையும் ஃபில்டரையும் டிக்கியில வச்சுத் தரச் சொல்லிக் கேளுங்க. மாத்தினவன் முகம் சுளிக்காம எடுத்துக் கொடுப்பான்.