அல்சர் என்றே சொல்லி வைக்கலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 71 வயது. வீரவநல்லூர் பக்கம் விவசாயம். சாப்பாடு இறங்கவில்லை என்று எண்டோஸ்கோப்பி பார்த்தோம். பயாப்ஸியில் இரைப்பைப் புற்றுநோய் என்று வந்துவிட்டது. அவரிடம் அல்சர் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறோம். அவரிடம் சொல்லாமல் கீமோ தொடங்க மாட்டேன் என்கிறார் மருத்துவர். சொன்னால் அப்பா மனசு விட்டுப்போவார். நாங்கள் கையெழுத்துப் போட்டால் போதாதா, டாக்டர்?

பதில்: போதாது தம்பி. அப்பா தெளிவாகப் பேசிக்கொண்டிருக்கும்வரை அவர் உடம்புக்கான சம்மதத்தை அவர்தான் தரவேண்டும். சிகிச்சை என்ன, அதில் ஆபத்து என்ன, வேறு வழி உண்டா, எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று தெரிந்து தருவதுதான் சம்மதம் என்று உச்ச நீதிமன்றம் 2008-லேயே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அல்சருக்கு என்று நினைத்துப் போடும் கையெழுத்து கீமோவுக்கு எப்படிச் செல்லும்?

சட்டம் கிடக்கட்டும். நான் பாளையங்கோட்டையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். கல்லீரல்வரை பரவிய புற்று. பிள்ளைகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, சொல்லிவிடாதீர்கள் என்று கெஞ்சினார்கள். ரிப்போர்ட்டை மூத்தவன் மஞ்சப்பையில் வேட்டிக்கு அடியில் வைத்திருந்தான். ஒருநாள் ரவுண்ட்ஸ் போனபோது பெரியவர் கட்டைவிரலை விரல் கணுவில் வைத்து ஐப்பசி, கார்த்திகை என்று நெல் அறுவடை வரும் மாசிவரை எண்ணினார். "டாக்டரய்யா, பிசான அறுப்புக்கு இருப்பனா?" என்றார். கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்ற மகன் எனக்குக் கண்ணைக் காட்டினான். "எல்லாம் சரியாயிரும் அண்ணாச்சி" என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு விரலை மடக்கிக்கொண்டார். அதற்கப்புறம் அவர் என்னிடம் எதுவுமே கேட்கவில்லை.

மார்கழியில் போய்விட்டார். பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத தங்கச்சி வீட்டுக்கு, அறுப்பு முடிந்ததும் போகவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். அந்த அம்மா துட்டிக்குத்தான் வந்தார்கள். அன்றைக்கு அவர் கேட்டது என்னை நம்பித்தான். பதில் சொல்லாதது என் தப்பு.

அதற்காக நாளைக்கே போய்ப் போட்டு உடைக்காதீர்கள். எவ்வளவு தெரியவேண்டும் என்று முதலில் அவரையே கேளுங்கள். "ரிசல்ட் வந்திருக்குப்பா. டாக்டர் பேசணும்ங்காங்க. முழுசா நீங்களே கேட்டுக்கிடுதீங்களா, எங்ககிட்ட விட்டுருதீங்களா?" என்றால் போதும். "நீங்களே பாத்துக்கிடுங்க" என்று சொன்னால் அதுவும் அவர் எடுத்த முடிவு. அதை கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். பத்து நாள் கழித்து மறுபடி கேளுங்கள், மனசு மாறியிருக்கலாம்.

தெரியவேண்டும் என்றால், ரவுண்ட்ஸ் நேரத்தில் வேண்டாம். கதவைச் சாத்தி, எல்லோரும் உட்கார்ந்து பேச டாக்டரிடம் தனியாக நேரம் கேளுங்கள். அம்மாவும் பக்கத்தில் இருக்கட்டும். "உங்களுக்கு என்னன்னு நீங்க நினைக்கீங்க?" என்று கேட்டுத் தொடங்கினால், பாதிப் பேர் தாங்களே அந்தப் பெயரைச் சொல்லிவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். அதே இருப்பில், என்னென்ன செய்யமுடியும் என்பதையும் டாக்டர் சொல்லிவிட வேண்டும். வலி வந்தால் அதை அடக்க மார்ஃபின் மாத்திரை இருக்கிறது, வலியோடு விட்டுவிட மாட்டோம் என்பது அவர் காதில் விழவேண்டும்.

அழுதால் அழட்டும், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். கையெழுத்தை அன்றைக்கே வாங்கவேண்டாம், இரண்டு நாள் கழித்து வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.