பெரூஜாவின் சாக்லேட் – ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நான் கணவர், இரண்டு குழந்தைகளுடன் மியூனிக்கில் வசிக்கிறேன். இத்தாலியின் பெரூஜாவில் நடக்கும் சாக்லேட் திருவிழாவைப் பற்றி நீங்கள் முன்பு இரண்டு வரி எழுதியிருந்தீர்கள். அதை வாசித்துக் காட்டியதிலிருந்து குழந்தைகள் விடுவதாக இல்லை. ஆனால் போய்வந்த தோழி ஒருத்தி, “ஒரே கூட்டம். எங்கும் கிடைக்கிற சாக்லேட்டைத்தான் அங்கேயும் விற்கிறார்கள். பாரம்பரியம் என்பதெல்லாம் விளம்பரம்” என்கிறாள். கோகோ விளையாத ஒரு மலையூருக்குச் சாக்லேட் பாரம்பரியம் எங்கிருந்து வந்தது? திருவிழாவின்போது போவதா, அல்லது வேறு நாளில் போவதா?

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்,

திருவிழாவைப் பற்றி உங்கள் தோழி சொல்வது ஓரளவு சரிதான். யூரோசாக்லேட் என்ற அந்தத் திருவிழா அடிப்படையில் ஒரு பெரிய சந்தை. 1994இல் எவுஜேனியோ குவார்துச்சி என்ற கட்டடக்கலைஞர் தொடங்கியது. அதற்கான எண்ணம் அவருக்கு உங்கள் மியூனிக்கின் அக்டோபர்ஃபெஸ்ட் பீர் திருவிழாவைப் பார்த்தபோது வந்தது என்பார்கள். பெரிய கம்பெனிகளும் வருகின்றன, வெளியூர் கடைகளும் வருகின்றன. அந்தக் கூட்டத்தில் நின்றுகொண்டு பாரம்பரியத்தைத் தேடினால் கிடைக்காது.

ஆனால் பாரம்பரியமே இல்லை என்பதை நான் ஏற்க மாட்டேன். பழமையான சாக்லேட்தான் வேண்டுமென்றால் இத்தாலியில் வேறு ஊர்கள் இருக்கின்றன. வடக்கே தூரினில் ஹேசல்நட் என்ற கொட்டை சேர்த்த ஜாந்துயோத்தோ என்ற சாக்லேட் 1865இலேயே வந்துவிட்டது. சிசிலியின் மோதிக்காவில் குறைந்த சூட்டில், சர்க்கரை கரையாமல், கடித்தால் நறநறவென்று இருக்கிற மாதிரி இன்றும் செய்கிறார்கள். பெரூஜாவின் சாக்லேட்டுக்கு வயது நூற்றுச் சொச்சம்தான். அது அரண்மனையிலோ மடாலயத்திலோ பிறக்கவில்லை. ஒரு தொழிற்சாலையில் பிறந்தது. அதனாலேயே எனக்கு அதன்மேல் தனி மதிப்பு உண்டு.

லூயிசா ஸ்பன்யோலியைப் பற்றித் தெரிந்துகொண்டு போங்கள். 1877இல் பெரூஜாவில் ஒரு மீன் வியாபாரிக்கு மகளாகப் பிறந்தவர். கல்யாணத்துக்குப் பிறகு கணவர் அன்னிபாலேவுடன் சேர்ந்து ஊருக்குள் ஒரு மளிகைக் கடை நடத்தினார். இத்தாலியக் கல்யாணங்களில் விருந்தினருக்குக் கொடுக்கும் சர்க்கரை பூசிய பாதாம்பருப்பைச் செய்து விற்றார்கள். 1907இல் பாஸ்தாவுக்குப் பேர்போன புயித்தோனி குடும்பத்தைச் சேர்ந்த ஃபிரான்செஸ்கோ உள்ளிட்ட சிலருடன் கூட்டுச் சேர்ந்து பெரூஜினா என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். பதினைந்து பேர் அளவில் வேலை செய்த சின்ன இடம் அது. முதல் உலகப் போர் வந்தபோது லூயிசாதான் மகன்களோடு நின்று அதை நடத்தினார். போர் முடியும்போது நூறு பேருக்கு மேல் அங்கே வேலை செய்தார்கள். பெரும்பாலோர் பெண்கள். அவர்கள் கைக்குழந்தைகளை விட்டுவிட்டு வேலை பார்க்கத் தொழிற்சாலையிலேயே ஒரு குழந்தைகள் காப்பகம் அமைத்தார். இன்றைக்கும் பல கம்பெனிகள் யோசிக்காத காரியம்.

ஊரின் பெயரை உலகமெங்கும் கொண்டுபோன பாச்சி சாக்லேட் 1922இல் வந்தது. மற்ற சாக்லேட்டுகளுக்காக ஹேசல்நட்டை நறுக்கும்போது நிறையத் தூளும் துண்டும் மிஞ்சும். அதைக் கொட்ட மனமில்லாமல் லூயிசா சாக்லேட்டோடு பிசைந்து உருட்டி, மேலே ஒரு முழுக் கொட்டையை வைத்து, கறுப்பு சாக்லேட்டில் முக்கி எடுத்தார். பார்க்க மடக்கிய முஷ்டி மாதிரி இருந்ததால் முதலில் ‘குத்து’ என்றே பெயர் வைத்திருந்தார்களாம். காதலிக்கு வாங்கிப் போகிறவன் கடையில் நின்று அப்படிக் கேட்க முடியுமா? ஃபிரான்செஸ்கோவின் மகன் ஜொவான்னி புயித்தோனிதான் ‘முத்தம்’ என்று மாற்றச் சொன்னார். பாச்சி என்றால் இத்தாலிய மொழியில் முத்தங்கள். நட்சத்திரங்கள் போட்ட வெள்ளித்தாளும் உள்ளே இருக்கும் காதல் வாசகச் சீட்டும் ஃபெதெரிகோ செனேகா என்ற ஓவியரின் யோசனை.

பெரூஜாவில் ஒரு பாச்சி வாங்கி, வாயில் போடுவதற்கு முன் கத்தியால் நெட்டாக இரண்டாக நறுக்கிப் பாருங்கள். மேலே முழுக்கொட்டை வெளிர் மஞ்சளாக வெட்டுப்பட்டு நிற்கும். அதற்குக் கீழே பழுப்பு நிறக் குழைவு. அதில் ஆங்காங்கே பொடிப்பொடியாகத் தெரிகிறதே, அதுதான் லூயிசா வீணாக்காமல் எடுத்து வைத்தது. சுற்றிலும் மெல்லிசாகக் கறுப்பு சாக்லேட். குழந்தைகளுக்கு இதை நறுக்கிக் காட்டிவிட்டுக் கதையைச் சொன்னால் மறக்க மாட்டார்கள். (யாருக்காவது கொட்டை ஒவ்வாமை இருந்தால் ஜாக்கிரதை. இந்த ஊரில் ஹேசல்நட் இல்லாத சாக்லேட்டைத் தேடித்தான் எடுக்க வேண்டும்.)

அதற்குப் பிறகு லூயிசா அங்கோரா முயல்களை வளர்த்து, அவற்றைக் கொல்லாமல் சீவி எடுத்த ரோமத்தில் உடை நெய்யும் தொழிலில் இறங்கினார். அது பெரிதாவதற்குள் 1935இல் காலமாகிவிட்டார். அவர் பெயரில் உடைக் கடைகள் இன்றும் இத்தாலி முழுக்க இருக்கின்றன. கடை வாசலில் அந்தப் பெயரைப் பார்க்கிறவர்களில் எத்தனை பேருக்கு அவர்தான் பாச்சியைச் செய்தவர் என்று தெரியுமோ!

பெரூஜினா 1988இல் நெஸ்லே கைக்குப் போய்விட்டது. ஊர்க்காரர்களிடம் அதைப் பற்றிப் பேசினால் முகம் கொஞ்சம் மாறும். ஆனாலும் தொழிற்சாலை அங்கேயேதான் இருக்கிறது, ஊருக்கு வெளியே சான் சிஸ்தோ பகுதியில். அதை ஒட்டி ஒரு அருங்காட்சியகமும், சாக்லேட் செய்யக் கற்றுத்தரும் பள்ளியும் உண்டு. பழைய பெட்டிகள், விளம்பரங்கள், இயந்திரங்கள் எல்லாம் வைத்திருக்கிறார்கள், சாக்லேட்டும் சுவைக்கத் தருவார்கள். திருவிழாவைத் தவறவிட்டாலும் இதைத் தவறவிடாதீர்கள். முன்பதிவு செய்துவிட்டு, வேலை நாளில் போவது நல்லது.

சரி, எப்போது போவது என்ற கேள்விக்கு வருகிறேன். உங்களுடன் குழந்தைகள் வருகிறார்கள், அதனால் திருவிழாவிலேயே போங்கள். சனி, ஞாயிறு மட்டும் வேண்டாம். அந்த இரண்டு நாளும் கோர்சோ வனூச்சி என்ற பிரதான வீதியில் காலெடுத்து வைக்க முடியாது, சின்னப் பிள்ளைகளுக்கு முன்னால் நிற்பவர்களின் முதுகு மட்டும்தான் தெரியும். செவ்வாய், புதன் காலையில் அதே வீதியில் நிதானமாக நடக்கலாம், கடைக்காரர்களும் நின்று பதில் சொல்வார்கள். ஒன்றே ஒன்றுக்காக மட்டும் கூட்டத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். ஒரு மீட்டர் நீள, அகல, உயரமுள்ள, ஒரு டன்னுக்கு மேல் எடை வரும் சாக்லேட் கட்டிகளை வீதியில் வைத்துச் சிற்பிகள் உளியால் செதுக்குவார்கள். தெறிக்கிற சில்லுகளைச் சுற்றி நிற்பவர்களுக்குக் கொடுப்பார்கள். அது என்றைக்கு என்று நிகழ்ச்சி நிரலில் பார்த்துக்கொள்ளுங்கள். விழாத் தேதியும் ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது, உறுதி செய்துகொண்டு டிக்கெட் எடுங்கள்.

அதே வீதியில் கொலேஜோ தெல் காம்பியோ என்று ஒரு கதவு இருக்கும். பணம் மாற்றுவோர் சங்கத்தின் பழைய கூடம். பெருஜீனோ என்று உலகம் அறிந்த பியெத்ரோ வனூச்சி வரைந்த சுவரோவியங்கள் உள்ளே இருக்கின்றன. வீதிக்கே அவர் பெயர்தான். தன் முகத்தையும் அங்கே வரைந்து வைத்திருக்கிறார், குழந்தைகளை விட்டுத் தேடச் சொல்லுங்கள். வெளியே ஆயிரக்கணக்கானோர் சாக்லேட்டுக்கு முண்டியடிக்கும்போது உள்ளே பெரிய கூட்டம் இருக்காது.

ரயிலில் வந்தால் நிலையம் மலையடிவாரத்தில் இருக்கிறது. அங்கிருந்து மினிமெட்ரோ என்ற குட்டி ரயில் மேலே கொண்டுபோகும், குழந்தைகளுக்குப் பிடிக்கும். ஆனால் ஒருமுறையாவது பியாட்சா பார்த்திஜானியிலிருந்து நகரும் படிக்கட்டில் ஏறிப் போங்கள். அது ரோக்கா பவோலினா என்ற கோட்டையின் வயிற்றுக்குள் போகிறது. 1540இல் உப்பு வரியை எதிர்த்துக் கிளம்பிய பெரூஜாவை அடக்கியதும் போப் மூன்றாம் பவுல் கட்டிய கோட்டை. எதிரிக் குடும்பத்தின் வீடுகளையும் தெருக்களையும் அப்படியே அடியில் மூடி, மேலே எழுப்பினார்கள். கோட்டையின் மேல்பாகத்தை 1860க்குப் பிறகு மக்களே இடித்துத் தள்ளிவிட்டார்கள். புதைந்த தெருக்கள் மட்டும் மிஞ்சின. படிக்கட்டில் ஏறும்போது அந்தத் தெருக்களின் வழியாகத்தான் போவீர்கள்.

அந்த உப்பு வரிக் கோபத்தில்தான் இந்தப் பக்கத்து ரொட்டியில் உப்பே போடுவதில்லை என்று ஊரில் ஒரு கதை உண்டு. கதை உண்மையோ இல்லையோ, ரொட்டியில் உப்பு இருக்காது. பிள்ளைகள் முகம் சுளித்தால் தோர்த்தா அல் தெஸ்தோ கேளுங்கள். கல்லில் சுட்ட தட்டையான ரொட்டி, நடுவில் சீஸும் கீரையும் வைத்துத் தருவார்கள். நாள் முழுக்க இனிப்பு தின்ற வாய்க்கு அது அவ்வளவு இதமாக இருக்கும்.

அறை விஷயத்தில் தாமதம் வேண்டாம். திருவிழா வாரத்தில் மேல் ஊரில் அறை கிடைப்பது கஷ்டம், மினிமெட்ரோ நிலையத்துக்குப் பக்கத்தில் கீழே பாருங்கள். போய்வந்த பிறகு பிள்ளைகளுக்கு எது பிடித்தது என்று எழுதுங்கள், உங்கள் தோழிக்கும் ஒரு பெட்டி பாச்சி வாங்கிக் கொடுங்கள்.

அன்புடன்.