கடை பாக்கியும் ஹானர் கமிட்டியும்

கேள்வி: என் மகன் அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் முதுகலை படிக்கிறான். சார்லட்ஸ்வில் நகரில் ஒரு சைக்கிள் கடைக்கு 480 டாலர் பாக்கி. அதற்காக அவன் கொடுத்த காசோலை, கணக்கில் பணமில்லாமல் திரும்பிவிட்டது. கடைக்காரர் கேட்டபோது, ‘அப்பா பணம் அனுப்பிவிட்டார், இரண்டு நாளில் வந்துவிடும்’ என்று சொல்லியிருக்கிறான். நாங்கள் அனுப்பவே இல்லை. இப்போது அவர் ஹானர் கமிட்டியிடம், அதாவது மாணவர்களின் நேர்மையை விசாரிக்கும் பல்கலைக்கழக மாணவர் குழுவிடம், புகார் செய்யப் போவதாகச் சொல்கிறாராம். கடன் பாக்கிக்காகப் படிப்பே போய்விடுமா? - ஒரு தாய், ஈரோடு.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, கடன் பாக்கிக்காக மட்டும் அந்தப் பல்கலைக்கழகம் யாருடைய படிப்பையும் நிறுத்துவதில்லை. உங்கள் மகன் அஞ்ச வேண்டியது 480 டாலருக்காக அல்ல. இரண்டு நாளில் பணம் வரும் என்று சொன்ன அந்த வார்த்தைக்காக. அந்தக் கமிட்டி நடத்தும் ஹானர் முறை, அதாவது மானநெறி முறை, பொய், ஏமாற்று, திருட்டு ஆகிய மூன்றை மட்டுமே குற்றமாகக் கொள்கிறது. கையில் பணமில்லாமல் கடனைத் தீர்க்க முடியாதவன் இந்த மூன்றில் எதையும் செய்தவனாகமாட்டான். கணக்கில் பணமில்லை என்று தெரிந்தே காசோலை எழுதுவதும், அனுப்பாத பணத்தை அனுப்பியதாகச் சொல்லித் தவணை வாங்குவதும் வேறு வகையைச் சேர்ந்தவை.

இந்த முறையின் தொடக்கத்தை அறிந்தால் அதன் போக்கு விளங்கும். 1825இல் வகுப்புகள் தொடங்கிய காலத்தில், மாணவர்கள் தம் கைப்பணத்தைப் பல்கலைக்கழக அதிகாரியிடம் ஒப்படைக்க வேண்டும் என்று விதி இருந்தது. அவர்கள் ஊரில் தாறுமாறாகச் செலவு செய்வார்கள் என்ற அச்சமே காரணம். 1840இல் ஜான் டேவிஸ் என்ற பேராசிரியர் ஒரு மாணவரால் சுட்டுக் கொல்லப்படும் அளவுக்கு ஆசிரியர்-மாணவர் உறவு கெட்டிருந்தது. 1842இல், தேர்வில் யாருடைய உதவியும் பெறவில்லை என்று மாணவர் தம் மானத்தின் பேரில் உறுதியளிக்கும் வழக்கம் வந்தது. கண்காணிப்பு இருந்த இடத்தில் நம்பிக்கை வந்து அமர்ந்தது. அந்த நம்பிக்கை காலப்போக்கில் தேர்வு அறையைத் தாண்டி ஊருக்குள்ளும் பரவியது. மாணவர் என்ற ஒரே அடையாளத்தைக் கண்டு கடைக்காரர்கள் காசோலையை வாங்கிக்கொண்டார்கள். திரும்பி வரும் காசோலைகளைக் கவனிக்க ஹானர் கமிட்டியின்கீழ் ஒரு தனிக் குழுவே நெடுங்காலம் இயங்கியது. அதே மாநிலத்தின் வாஷிங்டன் அண்ட் லீ பல்கலைக்கழகத்திலும் அப்படி ஒரு குழு இருந்தது. கடைக்காரர் ஏமாந்தால் நட்டம் அந்த ஒருவருக்கு மட்டுமல்ல, அடுத்து அந்தக் கடைக்குச் செல்லும் ஒவ்வொரு மாணவருக்கும்தான் என்பதே அதன் அடிப்படை. அது நியாயமான எண்ணம் என்றே நான் கருதுகிறேன்.

புகார் வந்தால், விசாரிப்பவர்கள் மூன்றைப் பார்ப்பார்கள்: செயல் நடந்ததா, அது பொய்யோ ஏமாற்றோ என்று அவனுக்குத் தெரிந்திருந்ததா அல்லது தெரிந்திருக்க வேண்டுமா, அது பொருட்படுத்தத்தக்க அளவு பெரியதா. காசோலை கணக்குப் பிசகால் திரும்பியது என்றால், வங்கிக் கணக்கு விவரத்தைக் கொண்டு அதை விளக்கலாம். பின்னர் சொன்ன வார்த்தைக்கு அப்படி ஒரு விளக்கம் இல்லை. 2022 வரை குற்றம் உறுதியானால் நிரந்தர வெளியேற்றம் ஒன்றே தண்டனையாக இருந்தது. அவ்வாண்டு மாணவர்களே வாக்களித்து அதை மாற்றினார்கள். 2023 ஜூலை முதல் குற்றத்துக்கேற்பப் பலவகைத் தீர்ப்புகள் வழங்கப்படுகின்றன. வெளியேற்றமும் அவற்றுள் ஒன்றாக இருக்கிறது என்பதை மறைக்க விரும்பவில்லை. அதே சமயம், புகார் வந்தபின் தவற்றை ஒப்புக்கொண்டு ஈடுசெய்யும் வழியை 2013இலேயே மாணவர்கள் ஏற்றிருக்கிறார்கள்.

ஆகவே அவன் இன்றே கடைக்காரரிடம் நேரில் சென்று, பணம் அனுப்பியதாகச் சொன்னது உண்மையல்ல என்று ஒப்புக்கொள்ள வேண்டும். பிறகு எந்த நாளில் எவ்வளவு தருவான் என்பதை எழுத்தில் கொடுத்து, அதில் முதல் தொகையை அப்போதே செலுத்த வேண்டும். உங்களால் முழுத் தொகையையும் அனுப்ப முடிந்தாலும், பணத்தை மட்டும் அனுப்பிவிட்டுப் பேச்சை விட்டுவிடாதீர்கள். கடன் தீர்ந்தாலும் பொய் தீராது. நீங்களோ உங்கள் கணவரோ கடைக்காரரோடு பேசுவதும் வேண்டாம். அவன் சொன்னதை அவனே திருத்த வேண்டும்.

இது ஹானர் கமிட்டியோடு முடியும் விஷயமும் அல்ல. கடனை வசூலிக்கக் கடைக்காரர் 5,000 டாலர் வரையிலான சிறு வழக்குகளுக்கான நீதிமன்றப் பிரிவுக்குப் போகலாம். மோசடி நோக்கத்தோடு காசோலை கொடுப்பது வர்ஜீனியா சட்டப்படி தனிக் குற்றம். முறைப்படி எழுத்து மூல அறிவிப்பு வந்து 5 நாட்களுக்குள் பணம் கட்டாவிட்டால், அதையே நோக்கத்துக்குச் சான்றாகக் கொள்ள இடமுண்டு. அப்படி ஒரு கடிதம் வந்திருந்தால் அதைப் பிரிக்காமல் வைத்திருக்கக் கூடாது. பல்கலைக்கழகத்திலேயே மாணவர் சட்ட உதவி மையமும், ஹானர் விசாரணையில் வழிகாட்ட மாணவ ஆலோசகர்களும் இருக்கிறார்கள். ஹானர் கமிட்டிக்கு எழுத்தில் எதையும் விளக்குமுன் அவர்களைச் சந்திக்கட்டும். படிப்பு இடைநின்றால் மாணவர் விசாவும் சிக்கலாகும் என்பதால், புகார் பதிவானதும் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்கும் அவனே தகவல் சொல்வது நல்லது.