எட்டு லட்சம் கடன் வாங்கி நாடகம் படிக்கலாமா?

தம்பி, தனியார் கல்லூரியில் மூன்று வருட நாடகப் பட்டம், 8 லட்சம் கல்விக் கடன், அப்பா தயங்குகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் தயங்குவதில் நியாயம் இருக்கிறது. 11 சதவீத வட்டி, 7 வருடத் தவணை என்றால் மாதம் சுமார் 13,700 ரூபாய். படிக்கும் காலத்து வட்டி தனி.

நான் நாடகத்துக்கு வந்த புதிதில் ஒரு கணக்கு நோட்டு வைத்திருந்தேன். ஏப்ரல், மே பக்கங்கள் நிறைந்திருக்கும்; பள்ளிப் பிள்ளைகளுக்குக் கோடை முகாம் நடத்திய காசு. ஜூன் பக்கத்தில் ஒத்திகைக்குப் போய்வந்த பஸ் செலவு மட்டும்தான். அந்த ஜூனிலும் வங்கிக்குத் தவணை கட்டியாக வேண்டும், யோசியுங்கள்.

நாடகத்தை விடச் சொல்லவே மாட்டேன். அரசுக் கல்லூரியில் ஏதாவது ஒரு பட்டம் படியுங்கள், சாயங்காலம் ஒரு குழுவில் சேர்ந்து நடியுங்கள். ஒளியமைப்பும் கற்றுக்கொள்ளுங்கள், அது கைகொடுக்கும். அப்புறம் டெல்லி தேசிய நாடகப் பள்ளிக்கு விண்ணப்பியுங்கள். பட்டமும் மேடை அனுபவமும் கேட்பார்கள். சேர்ந்துவிட்டால் மூன்று வருடமும் மாத உதவித்தொகை உண்டு. இடங்கள் ரொம்பக் குறைவு என்பதால் புதுச்சேரி பல்கலைக்கழகத்தின் நாடக முதுகலைக்கும் சேர்த்தே போடுங்கள்.

முன்பணம் கட்டிவிட்டீர்களா? இல்லையென்றால் இந்த வாரம் கட்டாதீர்கள். அப்பாவை ஒரு ஒத்திகைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.