டைவ்மாஸ்டர் பயிற்சியில் சேரலாமா?

இருபத்தைந்து ஸ்கூபா டைவ்களும் இரண்டாம் நிலையான அட்வான்ஸ்டு ஓப்பன் வாட்டர் சான்றிதழும் கையில் இருக்கின்றன, அலுவலகத்தில் நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு, கடலுக்கடியில் டைவர்களை வழிநடத்தும் டைவ்மாஸ்டர் ஆகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சென்னையில் கணக்கு வேலையை விட்டுவிட்டு 2017-இல் அந்தமானின் ஹேவ்லாக் தீவுக்குச் சென்று, அந்தப் பயிற்சியை முடித்து, இரண்டு பருவங்கள் அங்கே வேலையும் பார்த்துவிட்டு மறுபடியும் கணக்குக்கே திரும்பியவன் நான். (2018-இன் இறுதியில் தீவின் பெயர் சுவராஜ் த்வீப் என்று மாறியது; படகுக்காரர்கள் வாயில் இன்னும் ஹேவ்லாக்தான்.)

தகுதி விதிகள் அவ்வளவு கடினமானவை அல்ல. ஸ்கூபா சான்றிதழ் வழங்கும் பாடி (PADI) அமைப்பில் 18 வயது நிறைந்திருக்க வேண்டும். ஆபத்தில் சிக்கிய டைவரை மீட்கப் பழக்கும் ரெஸ்க்யூ டைவர் சான்றிதழும், கடந்த 24 மாதங்களுக்குள் பெற்ற முதலுதவிப் பயிற்சியும், மருத்துவர் கையெழுத்திட்ட உடல்தகுதிச் சான்றும் வேண்டும். பயிற்சி தொடங்க 40 டைவ்கள், சான்றிதழ் பெற 60 டைவ்கள் லாக்புக்கில் பதிவாகியிருக்க வேண்டும். பயிற்சி தொடங்கவே உங்களுக்கு ரெஸ்க்யூவும் பதினைந்து டைவ்களும் மிச்சம் இருக்கின்றன. நீச்சல் தேர்வில் உபகரணம் எதுவுமின்றி 400 மீட்டர் நீந்துவதும், 15 நிமிடம் நீரில் மிதந்து நிற்பதும் உண்டு. நீச்சல் குளத்தில் ஒரு மாதம் ஒழுங்காகப் பழகினால் போதும். எனக்குச் சிரமமாக இருந்தது உபகரண மாற்றம்தான். நீருக்கடியில் இருவர் ஒரே ரெகுலேட்டரில் (சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் கருவி) மாறி மாறி மூச்சு விட்டுக்கொண்டே மாஸ்க், ஃபின், பிசிடி (மிதப்பைக் கட்டுப்படுத்தும் காற்றடைத்த மேலங்கி) எல்லாவற்றையும் ஒருவருக்கொருவர் மாற்றி அணிய வேண்டும். மாஸ்க் இல்லாமல் மங்கலாகத் தெரியும் அந்த நேரத்தில் நம் நிதானம் எவ்வளவு என்பது நமக்கே தெரிந்துவிடும்.

ஆனால் இந்தத் தேர்வுகளில் தேறுவது ஒன்று, அந்த வேலை பிடிப்பது வேறு. பயிற்சியின் மூன்றாவது வாரத்தில், தொடக்கநிலையான ஓப்பன் வாட்டர் மாணவர்கள் நால்வரை அழைத்துச் சென்ற பயிற்றுநருக்கு உதவியாளராக இறங்கினேன். எட்டு மீட்டர் ஆழத்தில் கடைசியாக வந்துகொண்டிருந்த ஒரு மாணவரின் மாஸ்க்கில் நீர் புகுந்தது. கண்கள் விரிந்தன, அடுத்த நொடி அவருடைய கை ரெகுலேட்டரை வாயிலிருந்து பிடுங்கப் போனது. இடது கையால் அவருடைய பிசிடி வாரைப் பற்றிக்கொண்டு, வலது உள்ளங்கையால் ரெகுலேட்டரை அவர் வாயோடு அழுத்திப் பிடித்து, மூச்சை அடக்காமல் வெளியே விடுமாறு தலையசைப்பால் உணர்த்திக்கொண்டே மெல்ல மெல்ல மேலே கொண்டுவந்தேன். மூச்சை அடக்கிக்கொண்டு வேகமாக மேலேறினால், அழுத்தம் குறையக் குறைய நுரையீரலுக்குள் இருக்கும் காற்று விரிந்து அதையே கிழித்துவிடும். எட்டு மீட்டர் என்பது அதற்குத் தாராளமாகப் போதுமான ஆழம். படகில் ஏறிய பிறகு மற்ற மூவரும் தங்களைக் கடந்து போன ஆமையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். நான் அந்த ஆமையைப் பார்க்கவே இல்லை. அடுத்து வந்த டைவ்களிலும் தலைகளை எண்ணுவது, காற்றழுத்தமானியைக் காட்டச் சொல்வது, பின்தங்குபவரைத் திரும்பிப் பார்ப்பது என்றே நேரம் போனது. இது ஒரு குறையாகத் தெரியாதவர்களுக்கு இந்தத் தொழில் பொருந்தும். எனக்கு நாளடைவில் அது குறையாகவே தெரிந்தது.

உடலையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். முக்கால் மணி நேர டைவ்தான் கண்ணில் படும். சிலிண்டர் ஒவ்வொன்றும் பதினைந்து கிலோ வரும், அவற்றை விடியற்காலையில் டுங்கிப் படகில் ஏற்றுவதும் மாலையில் இறக்கிக் கழுவுவதும் யார் கண்ணிலும் படாது. ஒரு நாளில் பலமுறை இறங்கி ஏறும்போது ஒவ்வொரு முறையும் காது அழுத்தத்தைச் சமன்செய்தாக வேண்டும். எனக்குச் சளி பிடித்திருந்த ஒரு வாரத்தில் இறங்க முடியவில்லை, அந்த வாரத்துக்குச் சம்பளமும் இல்லை. சம்பளம் என்று கிடைத்ததும் பழைய வருமானத்தில் கால் பங்கைத் தொடவில்லை. மே இறுதியில் தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் வேலை பெருமளவு குறைந்துவிடும். அக்டோபர் வரை வேறு வழி பார்க்க வேண்டும். இவற்றுக்கு மேல் ஆண்டுதோறும் உறுப்பினர் கட்டணம், பொறுப்புக் காப்பீடு, சொந்த ரெகுலேட்டர், டைவ் கம்ப்யூட்டர் என்று செலவு நீளும். இந்தி பேச வராவிட்டால் அங்கே வாடிக்கையாளரைச் சமாளிப்பது கடினம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு குழப்பங்களைத் தீர்த்துக்கொள்ளுங்கள். டைவ்மாஸ்டர் என்பவர் சான்றிதழ் பெற்றவர்களை வழிநடத்தலாம், பயிற்றுநருக்கு உதவலாம். தொடக்கநிலைப் பாடம் நடத்திச் சான்றிதழ் வழங்கும் உரிமை பயிற்றுநருக்கே உண்டு, அதற்கான தேர்வுக்கு 100 டைவ்கள் தேவை. கடலில் எண்ணெய்க் கிணறுகளில் செய்யும் மூழ்கு வேலை முற்றிலும் வேறு தொழில், அதற்கான பயிற்சியும் வேறு. இந்தச் சான்றிதழ் அங்கே செல்லாது.

எனவே இப்போதைக்கு ரெஸ்க்யூ டைவர் வரை மட்டும் செல்லுங்கள் என்பதே என் கருத்து. சிறந்த டைவராக வேண்டும் என்பது மட்டுமே ஆசை என்றால் அங்கேயே நின்றுவிடலாம். டைவ்மாஸ்டருக்கு ஆகும் பணத்தில் இன்னும் பல டைவ்கள் போகலாம். ரெஸ்க்யூ பயிற்சியில் பிறரைக் காப்பாற்றும் பாகம் உங்களுக்குப் பிடித்துப்போனால், அதே நிலையத்தில் ஒரு வாரம் கரையில் உடனிருந்து அவர்கள் நாள் முழுவதும் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். பணம் கட்டும் முன், எத்தனை நாட்கள் மாணவர்களோடு நீருக்குள் இருப்பேன், எத்தனை நாட்கள் சிலிண்டர் நிரப்பிக்கொண்டிருப்பேன், படகுச் செலவு யாருடையது என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நான் முதலில் சேர்ந்த நிலையத்தில் இதைக் கேட்கவில்லை. ‘கட்டணமில்லாப் பயிற்சி’ என்ற பெயரில் முதல் ஐந்து வாரங்களில் நான் கடலுக்குள் இறங்கியது நான்கே முறை.