கேள்வி-பதில்: த்ரெட் நிரல்களும் லிங்கரின் முறையீடுகளும்

கேள்வி: என் சி நிரலில் த்ரெட்டை (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் வேலை ஓட்டம்) உருவாக்கும் ‘பித்ரெட்_கிரியேட்’ ஃபங்ஷனுக்கு ‘அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்’ என்று வருகிறது. ஹெடரைச் சேர்த்துத்தான் இருக்கிறேன். நண்பரின் கணினியில் அதே நிரல் ஓடுகிறது.

பதில்: ஹெடர் தருவது அறிவிப்பை மட்டுமே, ஃபங்ஷன் இருப்பது லைப்ரரியில்; கம்பைல் ஆன கோப்புகளை அதனுடன் இணைப்பது லிங்கர். கம்பைல் செய்யும்போதும் லிங்க் செய்யும்போதும் ‘-பித்ரெட்’ ஃபிளாகைக் கொடுங்கள். நண்பரிடம் ஜிலிப்சி (லினக்ஸில் பயன்படும் சி லைப்ரரி) 2.34 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு இருக்கக்கூடும். 2021-இல் வந்த அந்தப் பதிப்பில் த்ரெட் லைப்ரரி சி லைப்ரரிக்குள்ளேயே சேர்ந்துவிட்டதால், ஃபிளாகை மறந்தவரும் அங்கே தப்பித்துக்கொள்கிறார். அதை நம்பி மேக்ஃபைலில் (கம்பைல் கட்டளைகளை எழுதிவைக்கும் கோப்பு) ஃபிளாகை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: த்ரெட் லைப்ரரியைச் சேர்க்கும் ‘-எல்பித்ரெட்’ கொடுத்தும் பிழை போகவில்லை.

பதில்: எங்கே கொடுத்தீர்கள் என்று எழுதவில்லை, கோப்புப் பெயருக்கு முன்னால் என்று ஊகிக்கிறேன். லிங்கர் இடமிருந்து வலமாகப் படிக்கும். உபுண்டு போன்றவற்றில், அதுவரை எவரும் கேட்காத லைப்ரரியை அது ஒதுக்கிவிடும். கடைசியில் போடுங்கள், அல்லது மேலே சொன்ன ‘-பித்ரெட்’டையே பயன்படுத்துங்கள்.

கேள்வி: ஜிசிசி கம்பைலரைப் புதுப்பித்த பிறகு, ஹெடரில் உள்ள மியூடெக்ஸுக்கு (ஒரு சமயத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் உள்ளே விடும் பூட்டு) ‘மல்டிபிள் டெஃபினிஷன்’ என்று வந்தது. முன்னால் ‘ஸ்டாடிக்’ சேர்த்ததும் சரியாகிவிட்டது. ஆனால் இப்போது கவுன்ட்டர் சில நேரம் குறைவாகக் காட்டுகிறது. கம்பைலரில் கோளாறா?

பதில்: இல்லை, கோளாறு அந்த ‘ஸ்டாடிக்’கில்தான் இருக்கிறது. மாதத்துக்கு ஒருவராவது இதைச் செய்துவிட்டுக் கம்பைலர்மீது பழி போடுகிறார். தொடக்க மதிப்பு தரப்படாத குளோபல் மாறி பல கோப்புகளில் தென்பட்டால், பழைய ஜிசிசி அவற்றை ஒன்றாக்கிவிடும். 2020-இல் வந்த பத்தாம் பதிப்பிலிருந்து அந்தச் சலுகை இயல்பாகக் கிடைப்பதில்லை. லிங்கர் உங்களிடம் சொன்னது, இந்தப் பூட்டை இரண்டு இடங்களில் வரையறுத்திருக்கிறீர்கள் என்பதை. நீங்கள் செய்தது, ஹெடரைச் சேர்க்கும் ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனிப் பூட்டு செய்து கொடுத்தது. இரண்டு கோப்புகளில் உள்ள த்ரெட்கள் இரண்டு வேறு பூட்டுகளைப் பூட்டிக்கொண்டு ஒரே கவுன்ட்டரில் ஒரே சமயத்தில் கைவைக்கின்றன. லினக்ஸில் பூஜ்ஜியங்களால் நிரம்பிய மியூடெக்ஸும் ஒழுங்காகவே இயங்குவதால், நீங்கள் தொடங்கிவைக்காத பிரதியும் சத்தமின்றி வேலை செய்யும். எந்த எச்சரிக்கையும் வராது. ஹெடரில் ‘எக்ஸ்டர்ன்’ அறிவிப்பை வையுங்கள். ஒரே ஒரு சி கோப்பில் வரையறையை எழுதுங்கள். ‘-எஃப்காமன்’ போட்டுப் பழைய நடத்தைக்குத் திரும்பலாமே என்று அடுத்த கடிதம் எழுத வேண்டாம்.

கேள்வி: த்ரெட் ஃபங்ஷனைக் கொடுத்த இடத்தில் ‘இன்கம்பாட்டிபிள் பாயின்டர் டைப்’ என்கிறது. முன்பு வெறும் எச்சரிக்கையாகத்தான் இருந்தது.

பதில்: எச்சரிக்கையாக இருந்தபோதே திருத்தியிருக்க வேண்டும். 2024-இன் ஜிசிசி 14 அதைப் பிழையாக்கிவிட்டது. ஃபங்ஷன் ஒரு வாய்ட் பாயின்டரை (எந்த வகைத் தரவையும் சுட்டக்கூடியது) வாங்கி ஒரு வாய்ட் பாயின்டரைத் திருப்ப வேண்டும். காஸ்ட் (வலிந்த வகைமாற்றம்) போட்டு மறைக்காதீர்கள். எச்சரிக்கைகளைக் காட்டும் ‘-வால்’ ஃபிளாகுடன் கம்பைல் செய்யுங்கள்.

கேள்வி: படிப்பதற்கும் எழுதுவதற்கும் தனித்தனியாகப் பூட்டும் பூட்டின் வகையான ‘பித்ரெட்_ஆர்டபிள்யூலாக்_டி’யை அறியாத வகை என்கிறது கம்பைலர்.

பதில்: ‘-எஸ்டிடி=சி99’ போட்டிருப்பீர்கள்; அது போசிக்ஸ் (யூனிக்ஸ் வகை அமைப்புகளுக்கான தரநிலை) பகுதிகளை மறைத்துவிடும். ‘ஜிஎன்யு99’ என்று மாற்றுங்கள்.

கேள்வி: என் த்ரெட் நிரல் லிங்க் ஆகவில்லை. உதவுங்கள்.

பதில்: நீங்கள் கொடுத்த கட்டளையையும் முதல் பிழை வரியையும் அனுப்புங்கள். ‘லிங்கர் 1 என்று திரும்பியது’ என்ற கடைசி வரி எனக்கு எதையும் சொல்லாது.